கடைசி ஆள் சாப்பிட்ட பிறகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கையும் என்னுடையது, பென்சிலும் என்னுடையது. ஒரு கோடு விட்டு ஒரு கோடு எழுதினால் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் தாள் நிறையச் செலவாகும், செய்தி கொஞ்சமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் இது எதற்கு என்று கேட்பீர்கள். பாப்பா இருந்தவரை எனக்கு எழுத்து தேவைப்படவில்லை. காலையில் போன் செய்து, அப்பா, சிவப்பு மாத்திரை போட்டாச்சா, வெள்ளை மாத்திரை பாதி போட்டாச்சா என்று கேட்பாள். நிறத்தை வைத்தே எங்கள் வண்டி ஓடியது. அவள் போன பிறகு மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். எல்லாமே வெள்ளை. எதை எப்போது விழுங்குவது என்று தெரியாமல் அன்றைக்கு முழுவதும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நூலகத்தின் பின்னறையில் நடக்கும் முதியோர் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை, படிக்கத் தெரிவது பெரிய கூத்தாக இருக்கிறது. நான் வேலை செய்த பாட்டில் தொழிற்சாலையின் கேன்டீன் வாசலில் ஒரு பலகை நிற்கும். அது முதலாளியின் பேர் என்று நினைத்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போவேன். போன வாரம் பழைய ஆட்களைப் பார்க்கப் போனபோது நின்று படித்தேன். "தரை ஈரம், பார்த்து நடக்கவும்" என்று எழுதியிருக்கிறது. அங்கேயே நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் பாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று சட்டைப்பையில் கை போய்விட்டது. கை போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன். உங்கள் மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர், தயங்கித் தயங்கிப் பேசினார். "பெரியவரே, உங்க மாப்பிள்ளைய லிஃப்ட் வேலைக்கு உள்ள அனுப்பவே பயமா இருக்கு. கூண்டு மேல நின்னுக்கிட்டு தள்ளாடறாரு. கீழ பாத்தா பத்து மாடி. மத்தியானம் நாங்க டப்பாவத் தொறந்தா எழுந்து வெளிய போயிடறாரு. டீ, பிஸ்கட், டீ, பிஸ்கட், அவ்வளவுதான். உடம்பத் தேத்திக்கிட்டு வாப்பான்னு வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார். வீட்டிலும் நீங்கள் தேற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஒரு நாள் வந்து பார்த்திருக்கிறார். அடுப்பின் மேல் செய்தித்தாள் கட்டு இருந்ததாம்.

உங்களுக்குப் போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். எத்தனை தடவை கேட்டாலும் கோபப்படாமல் அதையே சொல்கிறாள். கடிதத்தை அப்படி அணைத்து வைக்க முடியாதல்லவா. கதவுக்கு அடியில் வந்து விழுந்து கிடக்கும். என்றைக்காவது காலில் தட்டுப்படும்.

நானே கிளம்பி வந்திருப்பேன். காலில் புண். ஆயுசு முழுவதும் அடுப்பு முன்னால் நின்ற கால், சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. ஆறும்வரை பயணம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைச் சாப்பாட்டை விட வேண்டும், உப்பும் எண்ணெயும் பாதியாக வேண்டும், காய்கறி நிறைய, சோறு கொஞ்சம், எல்லாம் நேரத்துக்கு. யாரும்மா ஆக்கிப் போடுவாங்க என்றேன். "ஆலைக்கே ஆக்கிப் போட்டவருதானே தாத்தா. உங்களுக்கு ஆக்கிக்க மட்டும் கை வலிக்குதா?" என்று கேட்டுவிட்டார்.

கை வலிக்கவில்லை. கைக்குத் தெரியவில்லை. அவருக்கு அதை எப்படி விளக்குவது? ஒரு ஷிப்டு முழுவதற்கும் உப்பு என்றால் என் கை தானாகப் போய் அள்ளும். ஒரு ஆளுக்கு என்றால் விரல் உப்பு டப்பாவுக்குள் போய் விழித்துக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் எவ்வளவு குறைத்தும் பருப்பு ஒரு அண்டா வந்துவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா, வாட்ச்மேன், மாடியில் இருக்கும் நர்ஸ் எல்லோருக்கும் கொடுத்தேன். "என்ன பெரியவரே, தேர்தல்ல நிக்கப் போறீங்களா?" என்று தையல்காரம்மா கேட்டாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "நின்னா டெபாசிட் போயிடும். கடலக் கரைச்சு ஊத்தி இருக்கீங்க" என்றாள்.

பாப்பாவும் இதைத்தான் சொல்வாள். "உங்க நாக்கு கேன்டீன் நாக்குப்பா. அத நம்பி உப்பு போடாதீங்க." அவள் அம்மா போன பிறகு கேன்டீனிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த சாப்பாட்டைத் தின்றுதான் வளர்ந்தாள். ஆனாலும் நல்லது எது என்று அவளாகவே எப்படியோ கற்றுக்கொண்டாள். உங்களுக்கு எப்படியெல்லாம் சமைத்துப் போட்டாள் என்று போனில் எனக்கு ஒப்பிப்பாள். எனக்கு நாக்கில் ஊறும்.

இப்போது நானும் வழிக்கு வந்துகொண்டிருக்கிறேன். பால் காய்ச்சும் குட்டிச் சட்டிதான் என் சமையல் பாத்திரம். அதில் நிறைய ஆக்க நினைத்தாலும் முடியாது. பாப்பா குழந்தையாக இருந்தபோது மருந்து குடித்த சின்னக் கரண்டி ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதுதான் உப்புக்கு அளவு. அதில் பாதி. நேற்று பூசணிக்காயும் பருப்பும் சரியாக வந்தது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள். அடுப்பின் மேல் இருக்கும் செய்தித்தாளை முதலில் எடுத்துவிடுங்கள்.

விரல் மரத்துவிட்டது, நிறுத்துகிறேன். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா மறுபடியும். பதில் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. டீச்சரம்மாதான் தினமும் "பதில் வந்துச்சா?" என்று கேட்கிறார். எங்கள் மாப்பிள்ளை அதிகம் பேச மாட்டார், அதனால் எழுதவும் மாட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை பீன்ஸும் கேரட்டும். எழுதியதைப் பார்த்துச் செய்யுங்கள். முதலில் எல்லாக் காயையும் நறுக்கி முடியுங்கள், அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். புதிதாகச் சமைக்க வருகிறவன் அடுப்பை முதலில் பற்ற வைத்துவிடுவான். அப்புறம் காய் அவனை விரட்டும், அவன் காயை விரட்டுவான். கேரட்டை முதலில் போடுங்கள், அது பிடிவாதக்காரக் காய். பாதி வெந்ததும் பீன்ஸ். காய் பாதி முழுகும் அளவுக்குத் தண்ணீர் போதும். மூடி வையுங்கள். கரண்டி நுனியால் எண்ணெய். மருந்துக் கரண்டியில் பாதி உப்பு, அதையும் இறக்கும்போதுதான். வெந்து மிஞ்சுகிற தண்ணீரைக் கொட்டாதீர்கள், குடித்துவிடுங்கள். சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று பாப்பா சொல்வாள்.

நான் செய்த ஒரு தப்பையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தையல்காரம்மா எழுதிவிடுவேன் என்று மிரட்டுகிறாள். அவளுக்கு என்னைவிட நன்றாக எழுத வரும்.

போன செவ்வாய்க்கிழமை நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். கண் இருட்டியது. அவள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். மேலே வந்து பார்த்தால் சட்டியில் சமைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது, பக்கத்தில் தட்டு கவிழ்த்தபடி இருக்கிறது. "ஆக்கி வச்சுட்டு யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்தினாள். அவளுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

கேன்டீனில் ஒரு முறை உண்டு. ஆக்கினவன் கடைசியில்தான் தட்டை எடுக்க வேண்டும். வரிசையில் கடைசி ஆள் வாங்கி, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போன பிறகுதான் எங்களுக்கு. நடுவில் எடுத்தால், கடைசியில் வருகிறவனுக்குக் குறைந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் ஒரு தடவை முன்னாலேயே சாப்பிட்டுவிட்டேன். பெரிய சமையல்காரர் அடிக்கவில்லை, திட்டவில்லை. கடைசியாக வந்த ஆளுக்குப் போட ஒன்றும் இல்லாதபோது, என்னைக் கூப்பிட்டு அந்த ஆளின் முகத்தைப் பார்க்கச் சொன்னார். அதோடு சரி. அதற்குப் பிறகு இந்த உடம்புக்கு, கடைசி ஆள் சாப்பிட்டாகிவிட்டது என்று தெரிந்தால்தான் பசியே வரும்.

அன்றைக்கு உங்கள் வீட்டில் நான்தான் ஆக்கினேன். ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. பாப்பாவை வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் எல்லோரும் பசியோடு இருந்தார்கள். அழுதவர்களுக்கு நிறையப் பசிக்கும். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை, அதனால் அடுப்படிக்குள் போய்விட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். உங்கள் மேஸ்திரி சாப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்கள். கடைசி ஆள் நீங்கள். உங்களுக்கு ஒரு தட்டு போட்டு மூடி வைத்தேன். நான் ரயிலுக்குக் கிளம்பியபோதும் அது மூடியபடியே இருந்தது. நானும் சாப்பிடாமல்தான் ரயில் ஏறினேன்.

இங்கே வந்தும் அது விடவில்லை. ஆக்கி முடித்ததும் மனசு வரிசையைத் தேடுகிறது. யார் பாக்கி, யார் பாக்கி என்று கேட்கிறது. கடைகளில் வாங்கித் தின்றவரை அந்தக் கேள்வி வரவில்லை, ஏனென்றால் நான் ஆக்கவில்லை. இப்போது ஆக்குகிறேன். நீங்கள் பாக்கி.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். மாமனார் மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாததுதான். மத்தியானம் நீங்கள் ஏதாவது ஆக்கிச் சாப்பிட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு வைத்துவிடுங்கள். நான் எடுக்க மாட்டேன், பேசச் சொல்ல மாட்டேன். அடித்தால் கடைசி ஆள் ஆயிற்று என்று நானும் தட்டை நிமிர்த்துவேன்.

வயதானவனின் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தாலும் சரி. கொடுத்துவிடுங்கள்.

உங்களை நினைத்துக்கொண்டிருக்கும்,
மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மணி அடித்தது. கடிதம் கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் போட்ட அன்றைக்கே, மத்தியானம் ஒரு மணிக்கு. அன்றைக்கு நான் முட்டைக்கோஸும் பட்டாணியும் செய்திருந்தேன். ஆறிப்போவதற்குள் சாப்பிட்டேன். சூடான சாப்பாடு தொண்டையில் இறங்குவது எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டிருந்தது.

ஆனால் நீங்கள் உங்கள் போனிலிருந்து அடிக்கவில்லை.

பாப்பா எனக்கு இந்தப் போனை வாங்கிக் கொடுத்தபோது, அவள் அழைத்தால் தெரிவதற்காக ஒரு அணில் படம் வைத்தாள். "அணில் வந்தா நான்னு எடுங்க. வேற எது வந்தாலும் யோசிச்சு எடுங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் போன பிறகு அந்த அணிலை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு மேசை மேல் போன் அதிர்ந்தபோது திரும்பினால் அணில். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பயம் என்று சொல்ல மாட்டேன். வேறு என்ன என்று எழுத எனக்கு இன்னும் அத்தனை வார்த்தை வராது.

அணிலுக்குக் கீழே எழுத்து இருக்கிறது, மாப்பிள்ளை. இத்தனை காலமும் இருந்திருக்கிறது. படத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அது கோடு கோடாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது படிக்கலாம் என்று கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் மணி நின்றுவிட்டது. முதல் நாள் "நா" மட்டும்தான் பிடிபட்டது. மறுநாள் கண்ணாடியை முன்னாலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் தேறியது. நீங்கள் ஒரு அடியோடு வைத்துவிடுகிறீர்கள், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். தையல்காரம்மாவிடம் காட்டினால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். காட்டவில்லை. நானே படிக்க வேண்டும் என்று இருந்தது.

நேற்று முடித்தேன். "நான்தான்ப்பா" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதி வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் புரிந்தது. உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. அவளுடைய போனுக்கு நீங்கள் தினமும் சார்ஜ் போடுகிறீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நானும் அவள் சின்ன வயதுச் செருப்பை இன்னும் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறவன்தான்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார். புண்ணின் ஓரம் சுருங்க ஆரம்பித்திருக்கிறதாம். "என்ன தாத்தா மந்திரம் போட்டீங்க?" என்றார். நேரத்துக்குச் சாப்பிடறேன்மா என்றேன். யார் தயவால் என்று சொல்லவில்லை.

அடுத்ததற்கு வெள்ளைக் காராமணி செய்யலாம். முதல் நாளே ஊற வைக்க வேண்டும். வேக நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள். அதோடு தக்காளியும் வெங்காயமும் போதும்.

நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கும். அதனால் எழுதவில்லை.

அன்புடன்,
மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். பென்சில் பாதியாகிவிட்டது. இனியும் சீவினால் எழுத ஒன்றும் இருக்காது என்று ஆரம்பிக்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மணி தினமும் வருகிறது. ஒரு மணிக்கு வருகிறது. ஒரு நிமிஷம் முன்னே இல்லை, ஒரு நிமிஷம் பின்னே இல்லை.

கேன்டீனில் ஒரு மணிக்குச் சங்கு ஊதும்போது சாப்பாடு தயாராக இருக்கும். அதைச் செய்ய எனக்கு எத்தனை வருஷம் பிடித்தது தெரியுமா? பருப்பு பழசாக இருந்தால் வேகாது. கேஸ் தீர்ந்துபோகும். கேரட்டில் பாதி அழுகியிருக்கும், ஓடிப்போய் வேறு வாங்கி வர வேண்டும். உப்பு போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து நின்று யோசிப்போம். எனக்கே இப்போதுகூட ஒரு நாள் பன்னிரண்டரைக்கு ஆகிறது, ஒரு நாள் இரண்டு ஆகிறது. காராமணி செய்யச் சொன்னேனே, ஊற வைக்க மறந்திருந்தால் மாலை ஆகியிருக்கும். அந்த வாரமும் ஒரு மணிக்கே அடித்தது. அடுப்பைப் பற்ற வைக்கப் புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒருவர் இப்படிக் கடிகாரம் மாதிரி சாப்பிட முடியாது, மாப்பிள்ளை. அடுப்பைப் பற்ற வைக்காதவர்தான் அப்படி அடிக்க முடியும்.

மேஸ்திரியிடம் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். "சட்டை தொங்குது பெரியவரே, உள்ள ஆளு இருக்கற மாதிரி தெரியல" என்றார். செய்தித்தாள் கட்டு இன்னும் அடுப்பு மேலேதான் இருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுகிறேன். நீங்கள் ஒரு மணிக்கு மறக்காமல் எழுந்து, அவளுடைய போனை எடுத்து, எங்கேயோ இருக்கும் ஒரு கிழவன் பசியோடு இருக்கக் கூடாது என்று அடித்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வாய் எடுத்து வைக்கத் தோன்றவில்லை, எனக்காக அடிக்க மட்டும் தோன்றியிருக்கிறது. பாப்பா ஒரு நாள் வந்து, "அப்பா, ஒருத்தரப் பாத்திருக்கேன். பேச மாட்டாரு, ஆனா நல்லவரு" என்று சொன்னபோது, பேசாத ஆளை நல்லவர் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேலி செய்தேன். இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒரு மணிக்குப் போன் அடித்தால் இனி நான் தட்டை எடுக்க மாட்டேன். மிரட்டல் இல்லை. எடுக்க வரவில்லை. நேற்றும் எடுத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. கடைசி ஆள் சாப்பிடவில்லை என்று தெரிந்த பிறகு இந்த உடம்பை ஏமாற்ற முடியாது. டாக்டரம்மா திட்டுவார். கால் ஆறினால் உங்களைப் பார்க்க வரலாம் என்று ஆசைப்பட்டேன், அது தள்ளிப்போகும். அதையும் யோசித்தேன்.

உங்களுக்கும் எனக்கும் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு நாம் இரண்டு பேர். இரண்டு பேரையும் சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கேட்டே காலத்தை ஓட்டினாள். இப்போது கேட்க ஆள் இல்லை என்று நாம் இரண்டு பேரும் இஷ்டத்துக்கு இருக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

செய்தித்தாளை எடுத்துக் கீழே போடுங்கள். இன்றைக்கு அது மட்டும் போதும்.

மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மணி அடிக்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. அதிகம் எழுதிவிட்டோமோ என்று நான் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். தையல்காரம்மா வந்து ஒரு துண்டு ரொட்டியை என் வாயில் திணித்துவிட்டுப் போனாள். "மாமனாரும் மருமகனும் நல்லா ஜோடி சேந்தீங்க" என்றாள். ரொட்டியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். தட்டை நான் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, நான்கு ஆயிற்று. நான் ஆக்கி வைத்த பூசணி ஆறி ஏடு கட்டிவிட்டது. வெயில் இறங்கி எதிர்வீட்டுச் சுவரில் ஏறும் நேரத்தில் அணில் வந்தது.

ஒரு அடியோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான், அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான்ப்பா, நான்தான்ப்பா என்று முழுவதும் படித்தேன், திரும்பவும் படித்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேசவில்லை. ஆனால் எனக்கு எல்லாம் கேட்டது. நீங்கள் இருமினீர்கள். ஜன்னலைத் திறந்தீர்கள். தாழ்ப்பாள் இறுகியிருக்கிறது, எண்ணெய் போடுங்கள். பிறகு கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை, அந்தச் சத்தம் எனக்கு என் மூச்சு மாதிரி. எந்தச் சட்டியில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். உங்களுடையது நன்றாகவே ஒட்டியிருந்தது.

அப்போதுதான் சொன்னீர்கள். "மாமா, அடி புடிச்சிருச்சு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஆனாலும் இரண்டு பேரும் வைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் இருந்த வெயில் போய்விட்டது. கடைசியில் நீங்கள் தட்டில் எதையோ எடுத்துப் போட்ட சத்தம் கேட்டது. நான் சத்தம் காட்டாமல் இருந்தேன். ஒரு மனுஷன் மெல்லும் சத்தத்தை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் குடித்தீர்கள். தட்டைக் கழுவினீர்கள். பிறகுதான் வைத்தீர்கள்.

நான் தட்டை நிமிர்த்திப் பூசணியைப் போட்டுக்கொண்டேன். ஆறிப்போய், உப்பே இல்லாமல், கோந்து மாதிரி இருந்தது. ஒரு துளி விடவில்லை. அழுகை வந்தால் வரட்டும் என்று அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவள் இல்லாத வீட்டில் நம் இரண்டு பேருடைய சாப்பாடும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆனாலும் சாப்பாடுதான்.

அன்றைக்கு வாய் வராததால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். அடி பிடித்தால் கிளறாதீர்கள். புதிதாகச் சமைக்கிறவர்கள் பதறிப்போய் அடியைக் கிளறுவார்கள். கிளறினால் கருகல் வாசனை மேலே இருப்பதிலும் ஏறிவிடும். அதை அப்படியே விட்டுவிட்டு, மேலே நன்றாக இருப்பதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதைச் சாப்பிட்டால் போதும்.

சட்டியைத் தூக்கி எறியாதீர்கள். அது அவள் வாங்கியதாக இருக்கும். சுரண்டவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஓரமாக வையுங்கள். ஒரு ராத்திரி ஊறினால் கொஞ்சம் விடும். விடாவிட்டால் மறுபடியும் ஊற வையுங்கள். முழுவதும் போகாது, ஒரு கறை நிற்கும். அந்தக் கறையோடு அதில் திரும்பவும் ஆக்கலாம். நான் ஆக்கிய அண்டாக்களில் கறை இல்லாத அண்டா எது?

கால் ஆறிக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா பயணத்துக்கு விட்டதும் வருவேன். வரும்போது அந்த மருந்துக் கரண்டியையும் எடுத்து வருகிறேன்.

நாளைக்கும் தாமதமாகலாம். மறுபடியும் அடி பிடிக்கலாம். அவசரப்பட வேண்டாம், ஒரு மணியைப் பார்க்க வேண்டாம். இருட்டிப் போனாலும் பரவாயில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு அடியுங்கள். நான் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இங்கேதான் இருப்பேன்.

காத்திருக்கும்,
மாமா